ஆணி பாட்டை எழுதியவள்

மாநகராட்சிக் கல்யாண மண்டபத்தில் மணமக்கள் கைகோத்து நடந்து வரும்போது அதிகம் கேட்கப்படும் பாட்டு ‘ஆணி’. பாட்டை ஓடவிடுவது நிகார். மேடையின் ஓரத்தில் கறுப்புத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்துவாள். பெண் வெள்ளை உடுப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி வருவாள். மாப்பிள்ளை வியர்த்துக்கொண்டே வருவான். உறவுக்காரர்கள் போனை உயர்த்திப் படம் எடுப்பார்கள். அது ஒரு அம்மா தன் குடும்பத்தை விட்டுப் போனதைப் பற்றிய பாட்டு என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதை எழுதியவள்தான் பொத்தானை அழுத்துகிறாள் என்பதும் தெரியாது.

எனக்கு இரண்டும் தெரியும்.

எஸ்கிஷெஹிர் நகரத்தில், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு மாடிக் கடைக் கட்டடத்தில் முப்பது வருஷமாக நான் டீ போடுகிறேன். பொத்தான் கடை, சாவிக் கடை, வக்கீல் அறை, பல் வைத்தியர் என்று எல்லோருக்கும் பிடியில் தொங்கும் தட்டில் டீ கொண்டு போவேன். வீட்டில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். படிக்கத் தெரியும், மெதுவாக. நாலு பேர் முன்னால் பேச வராது. டீக்காரி பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

1996 இலையுதிர் காலத்தில் கட்டடத்தின் கீழ்த்தளத்தை நான்கு பேர் வாடகைக்கு எடுத்தார்கள். சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டி, பழைய கம்பளத்தை விரித்து, ராக் இசைக் குழு என்றார்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். அந்தப் பெண்தான் நிகார். பத்தொன்பது வயது. அப்பா நாஜி மேஸ்திரி ரயில் பட்டறையில் வேலை செய்தார். கிடார் வாசித்தவன் செர்தாச். உயரமானவன், பார்க்க நன்றாக இருப்பான். டீக் கோப்பையை வாங்கும்போது என் முகத்தைப் பார்த்து நன்றி சொன்ன ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் அவன்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நிகாரின் குரல் பெண் குரல் மாதிரி இருக்காது. துருப்பிடித்த வாசற்கதவைத் திறப்பது போலத் தொடங்கும், பிறகு அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய முற்றம் இருப்பது தெரியும். முதல் மாடிப் பொத்தான் கடைக்காரர் ஷாகிர் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

“ஸெகியே, கீழ யாரையோ கழுத்தை அறுக்கறாங்க போலிருக்கே. போலீஸைக் கூப்பிடவா?”

“பாட்டுங்க அண்ணே.”

“பாட்டா? அப்ப இன்னும் சீக்கிரமாக் கூப்பிடணும்.”

குளிர் காலத்தில் கீழ்த்தளத்தில் மூச்சு விட்டால் புகை வரும். நிகார் விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு என் அறைக்கு ஏறி வருவாள்.

“அக்கா, கீழ ஐஸ் பொட்டி மாதிரி இருக்கு. உன் கொதிகலன் பக்கத்துல கொஞ்சம் நின்னுக்கறேன்.”

“நில்லு. சாஞ்சுடாதே, பொசுங்கிடுவ.”

சர்க்கரை போடாமல் டீ குடிப்பாள். ஆனால் சாஸரில் வைக்கும் இரண்டு கட்டியையும் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாள். பாடும் முன் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் தொண்டை வறளாதாம். சிறிது நேரத்தில் செர்தாச் படியிலிருந்து கத்துவான்.

“என்னடி, பூனை மாதிரி அடுப்பாண்ட சுருண்டுட்டியா? அங்க ட்ரம்ஸ் காத்துக்கிட்டிருக்கு.”

“ட்ரம்ஸுக்குக் குளிருதான்னு கேளு. ஒரு சால்வை போத்தி விடு.”

அந்தப் பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம் அவள் வெகுநேரம் கீழே போகவில்லை. என் சுவரில் தினமும் ஒரு தாள் கிழிக்கிற நாள்காட்டி தொங்கும். அன்றைய தாளைக் கிழித்தாள். பின்பக்கம் தொழுகை நேரமும் சமையல் குறிப்பும் அச்சாகியிருக்கும், நடுவில் கொஞ்சம் வெள்ளை இடம் இருக்கும். என் பென்சிலை வாங்கி அந்த இடத்தில் எழுதினாள், அடித்தாள், எழுதினாள். நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். திடீரென்று தாளை என்னிடம் நீட்டினாள்.

“படி அக்கா. யார்கிட்டயும் இதுவரைக்கும் காட்டினதில்லை.”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் வரியில் முதலில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு மேலே ‘ஓ’ என்று போட்டிருந்தாள்.

எங்கள் மொழியில் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துதான். ஓ. ஆணா பெண்ணா என்று அந்தச் சொல் காட்டிக் கொடுக்காது.

*ஓ போய்விட்டது, ஆணி போகவில்லை.*
*கதவைச் சாத்தினால் தெரியும் நீல ஸ்வெட்டர்.*
*அதன் விளிம்பு வரைக்கும்தான் எட்டும் என் முகம்.*

“எனக்கு எட்டு வயசு இருக்கறப்ப அம்மா போயிட்டா” என்றாள். “வேற ஒருத்தரோட. அங்காரா ரயில்ல. ஸ்வெட்டரைக் கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டிட்டு மறந்துட்டா. நான் கதவுக்கும் சுவத்துக்கும் நடுவுல நின்னு அதுல மூஞ்சிய வச்சுப்பேன். அப்பா தேடுவாரு.”

“அப்பாவுக்கு இந்தப் பாட்டு தெரியுமா?”

“தெரிஞ்சா செத்துடுவாரு. ஊருக்கெல்லாம் அவ காசநோய்ல போயிட்டான்னு சொல்லி வச்சிருக்காரு. அதனாலதான் ‘அம்மா’வ அடிச்சேன். நீயும் வாயைத் திறக்காதே.”

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அவள் பாட்டை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நன்றாக எழுதிக்கொண்டு கீழே போனாள். தாள் என் மேசையில் கிடந்தது. நான் அதைச் சர்க்கரை டின்னுக்கு அடியில் வைத்தேன். ஒருவர் எழுதி முதலில் என்னிடம் படிக்கக் கொடுத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தாள்தான்.

அடுத்த ஒன்றரை வருஷம் அவர்கள் மாணவர் சங்க அரங்கிலும் பூங்காவிலும் வாசித்தார்கள். ‘ஆணி’ வந்ததும் சத்தம் போடுகிற பிள்ளைகள் எல்லாம் அடங்கிப் போவார்களாம். ஒரு ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். செர்தாச் அதை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு என்று சொல்லி இரண்டு முறை இஸ்தான்புல் போய் வந்தான். திரும்பி வந்தபோது எனக்கு ஒரு பெட்டி இனிப்பு கொண்டு வந்தான். நிகாருக்கு ஒரு கழுத்துத் துணி.

1998 நவம்பரில் அவனுக்கு ராணுவ அழைப்பு வந்தது. பஸ் நிலையத்தில் மேளமும் நாயனமும் கூப்பாடுமாக வழியனுப்பினார்கள். தோளில் கொடி, உள்ளங்கையில் மருதாணி. மூன்று முறை வானத்தில் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். கட்டடத்திலிருந்து பாதிப் பேர் போயிருந்தோம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ராணுவத்துக்குப் போகிறவன், புனிதப் பயணம் கிளம்புகிறவன், அறுவைச் சிகிச்சைக்குப் படுக்கிறவன், எல்லோரும் தெரிந்தவர்களிடம் போய் ‘என் மேல் உனக்குள்ள உரிமையை ஹலால் ஆக்கிவிடு’ என்று கேட்பார்கள். உன் சோற்றைத் தின்றிருப்பேன், உன் மனத்தை நோகடித்திருப்பேன், உன்னுடையது ஏதோ என்னிடம் தங்கியிருக்கும், அதை விட்டுக்கொடு என்று அர்த்தம். ‘ஹலால் ஆகட்டும்’ என்று பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் மூச்சு விடுவதற்குள் சொல்ல வேண்டும். யோசித்தால் அவருக்கு அவமானம். ‘எதையெல்லாம்?’ என்று யாரும் திருப்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

செர்தாச் வரிசையாக எல்லோரையும் தழுவிக்கொண்டு வந்தான். நிகாரிடம் வந்ததும் கொஞ்சம் நின்றான்.

“ஹலால் பண்ணிடு நிகார். எல்லாத்தையும்.”

“ஹலால் ஆகட்டும்டா லூசு. எல்லாம் ஹலால். போய்ச் சேர்ந்ததும் லெட்டர் போடு.”

அழுதுகொண்டே சொன்னாள். அவன் கொடுத்த துணியாலேயே மூக்கைத் துடைத்தாள். அவளுக்கு ஒரு அடி பின்னால் நின்றிருந்த நான் அந்த ‘எல்லாத்தையும்’ என்ற சொல்லைக் கவனித்தேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் மாதம் இரண்டாவது மாடிக் கேசட் கடைக்கு டீ எடுத்துக்கொண்டு ஏறினேன். பாதிப் படியிலேயே கேட்டது. ‘ஓ போய்விட்டது, ஆணி போகவில்லை.’ நம் பிள்ளைகள் பாட்டு கடைக்கு வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் பாடுவது ஆண் குரல் என்று உறைத்தது. தட்டை வைத்துவிட்டு கேசட் அட்டையைக் கையில் எடுத்தேன். நீலப் பின்னணியில் செர்தாச் முகம் மட்டும். உள்ளே மடித்த தாளில் பொடி எழுத்து. விரலை வைத்து மெதுவாகப் படித்தேன். சொல், இசை: செர்தாச் ஓக்தெம்.

கீழே போய் நிகாரைக் கூப்பிட்டேன். என்ன என்று கேட்டாள். கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் படியில் நின்று முழுப் பாட்டையும் கேட்டாள். முடிந்ததும் கடைக்காரரிடம், “இன்னொரு வாட்டி போடுங்க” என்றாள். இரண்டாம் முறை முடிந்ததும், “நல்லாத்தான் பாடியிருக்கான்” என்றாள். பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கோடை முழுதும் அந்தப் பாட்டு எல்லா ஜன்னல்களிலிருந்தும் வந்தது. ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்த செர்தாசைத் தொலைக்காட்சியில் பேட்டி கண்டார்கள். நல்ல கேள்விதான் கேட்டார்கள்.

“காதலியோட ஸ்வெட்டர் விளிம்பு வரைக்கும்தான் முகம் எட்டுதுன்னு பாடறீங்களே. நீங்க இவ்வளவு உயரமா இருக்கீங்களே?”

அவன் ஒரு நொடி விழித்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “மண்டியிட்டிருந்தேன்” என்றான்.

அரங்கத்தில் பெண் பிள்ளைகள் பெருமூச்சு விட்டார்கள். அந்த ஒரு பதிலுக்காகவே இன்னும் அதிகம் விற்றதாக ஷாகிர் அண்ணன் சொன்னார்.

நிகார் அந்தக் கேசட்டை வெளியிட்ட இஸ்தான்புல் கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றாவதில் வக்கீலின் பெயரையும் சேர்த்தாள். செர்தாச் ராணுவத்திலிருந்து திரும்பிய பிறகு, கம்பெனி முதலாளி ரெம்ஸி பே அவனையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்தார். நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டாம், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார். கீழ்த்தளத்தில் நாற்காலி இல்லாததால் என் அறையில் உட்கார்ந்தார்கள்.

நிகார் தனியாகத்தான் வருவதாக இருந்தது. ஆனால் நாஜி மேஸ்திரிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. இஸ்தான்புல் ஆண்கள் நடுவில் பெண்ணைத் தனியாக உட்காரவிடுவதா என்று பட்டறை உடுப்போடு வந்துவிட்டார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் நிகாரின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

ரெம்ஸி பே நல்ல மனிதர் போலத்தான் பேசினார். “பாரும்மா, எனக்கு யார் எழுதினாலும் ஒண்ணுதான். உரிமை யாரோடதோ அவங்க பேரைப் போட்டுட்டுப் போறேன். ஒரே கேள்வி. எழுதினவங்களுக்கு யாரைப் பத்தி எழுதினோம்னு தெரியும் இல்லையா? யாரு இந்த ஓ?”

நிகார் வாயைத் திறந்தாள். கதவோரம் பார்த்தாள். நாஜி மேஸ்திரி தொப்பியின் ஓரத்தில் இருந்த ஒரு நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லும்மா.”

“சொல்ல முடியாது.”

“ஏன்?”

“சொல்ல முடியாதுன்னா முடியாது.”

ரெம்ஸி பே செர்தாச் பக்கம் திரும்பினார். அவன் தயாராக இருந்தான். “ஸ்டேஷன்ல ஒரு பொண்ணு. பேர் வேணாம், கல்யாணம் ஆயிட்டுது.” சொல்லிவிட்டு நிகாரைப் பார்க்காமலே தொடர்ந்தான். “அப்புறம் இன்னொண்ணு. குழுவில எல்லாரும் சேர்ந்துதான் உருவாக்கினோம், நான் மறுக்கலை. ஆனா கிளம்பறப்ப எல்லார்கிட்டயும் முறையாக் கேட்டேன். எல்லாத்தையும்னு சொல்லியே கேட்டேன். ஊரே பாத்துச்சு. இவளும் ஹலால் பண்ணினா.”

“அப்ப எனக்குத் தெரியாதுடா!” என்றாள் நிகார். “நீ கம்பெனியோட கையெழுத்துப் போட்டு ஒரு மாசம் ஆயிருந்துச்சு. அதை வச்சுக்கிட்டுத்தான் எங்கிட்ட வந்து கேட்டிருக்க!”

“ஹலால்னா தெரிஞ்சதுக்கும் தெரியாததுக்கும்தானே? இல்லன்னா அதுக்கு என்ன அர்த்தம்? ஸெகியே அக்கா பக்கத்துலதான் நின்னாங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க. கேளுங்க.”

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். கையில் டீத் தட்டு இருந்தது.

“அந்தப் பொண்ணு ஹலால்னு சொல்லிச்சா அக்கா?” என்றார் ரெம்ஸி பே.

“சொல்லிச்சு” என்றேன்.

அவ்வளவுதான் என் சாட்சி. சர்க்கரை டின் என்னிடமிருந்து இரண்டு எட்டு தூரத்தில் இருந்தது. டின்னுக்கு அடியில் தாள் இருந்தது. ஒரு பக்கம் 1997 பிப்ரவரி 11 என்று கொட்டை எழுத்தில் அச்சு, மறுபக்கம் அவள் கையெழுத்து. எடுத்துக் காட்டினால் போதும். ஆனால் அதில் அடிக்கப்பட்ட ‘அம்மா’வும் இருந்தது, கதவோரம் நாஜி மேஸ்திரியும் இருந்தார். அவருக்காகத்தான் எடுக்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஆண்கள் நிறைந்த அறையில் இரண்டாவது வாக்கியம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

நாஜி மேஸ்திரி எழுந்தார். “வாயால சொல்லிட்ட. ஹலால்னு குடுத்ததைத் திருப்பிக் கேக்கற குடும்பம் இல்ல நாம. எழுந்திரு.”

“அப்பா, அது என் பாட்டு.”

“எழுந்திருன்னேன்.”

போகும்போது செர்தாச் என் முகத்தைப் பார்த்து, “டீக்கு நன்றி அக்கா” என்றான்.

அதற்குப் பிறகு நிகார் பாடாமல் இல்லை. தன் பாட்டுகள் பதினொன்றைச் சேர்த்து ஒரு குறுந்தகடு போட்டாள். வானொலிக்காரர் கேட்டுவிட்டு, “குரல் அருமை. ஆனா எழுத்து கொஞ்சம் செர்தாச் ஓக்தெம் சாயல்ல இருக்கே” என்றாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு இருமல் வரும் வரை சிரித்தாள். மாணவர்கள் கூடும் உணவு விடுதிகளில் பாடினாள். எல்லா இடத்திலும் சீட்டு எழுதி மேலே அனுப்புவார்கள்: ‘ஆணி’ பாடுங்க. ஆறு வருஷம் மாட்டேன் என்றாள். கடைசியில் ஒரு விடுதிக்காரர் அதைப் பாடினால்தான் மேடை என்று சொல்லிவிட்டார். பாடினாள். கீழே இறங்கும்போது ஒரு பையன் வழியை மறித்து, “நல்ல முயற்சி அக்கா, ஆனா ஒரிஜினல் மாதிரி வருமா?” என்றான்.

அன்றோடு மேடையை விட்டாள். மாநகராட்சியில் ஒலிபெருக்கி வேலைக்கு ஆள் எடுத்தார்கள், சேர்ந்தாள். கல்யாண மண்டபத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வியாழக்கிழமைகளில் கூட்டம் குறைவு. அதனால் வியாழன் மத்தியானம் என் அறைக்கு வருவாள். எந்த ஜோடி எந்தப் பாட்டுக்கு நுழைந்தது என்று சொல்லுவாள்.

“இந்த வாரம் நாலு ‘ஆணி’ அக்கா. நாலும் வெளங்காது.”

“வாயைக் கழுவு.”

“எங்கம்மா ஓடிப்போனதை வாசிச்சுக்கிட்டு உள்ள வராங்க. நான் என்ன பண்ணட்டும்?”

2015இல் நாஜி மேஸ்திரி இறந்தார். பள்ளிவாசல் முற்றத்தில் இமாம் வழக்கப்படி ‘இறந்தவருக்கு உங்கள் உரிமையை ஹலால் செய்கிறீர்களா’ என்று மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் எல்லோரும் ஹலால் என்றோம். நிகாரின் குரல் பெண்கள் வரிசையிலிருந்து எல்லோருக்கும் மேலாகக் கேட்டது. வீட்டைக் காலி செய்யும்போது நான் உதவிக்குப் போயிருந்தேன். அவர் அலமாரியில், சவரக் கத்திக்கும் ஓய்வூதியப் புத்தகத்துக்கும் நடுவில் அந்தக் கேசட் இருந்தது. நீல அட்டை, செர்தாச் முகம். நாடா தேய்ந்து வெளுத்துப் போயிருந்தது. நிகார் அதைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனாள். ஆணி அங்கேயே இருந்தது. சுவருக்கு எத்தனை முறை சுண்ணாம்பு அடித்திருப்பார்கள், ஆணியைச் சுற்றி மட்டும் பழைய நிறம் அப்படியே இருந்தது.

“தெரிஞ்சிருக்கு அக்கா” என்றாள். “தெரிஞ்சுக்கிட்டேதான் அன்னிக்கு எழுந்திருன்னிருக்காரு. அவன் பேர்ல இருந்ததால இவரால பாட்டைக் கேக்க முடிஞ்சிருக்கு. என் பேர்ல இருந்தா முடிஞ்சிருக்காது.”

கேசட்டைக் குப்பைப் பையில் போட்டாள். பிறகு எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு வியாழன், அவள் என் மேசையில் போரெக் பலகாரம் தின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. விரலெல்லாம் எண்ணெய். சுண்டு விரலால் தட்டி ஒலிபெருக்கியில் போட்டாள்.

“நிகார்... நான் செர்தாச்.”

“தெரியுது.”

“எத்தனை வருஷம் ஆச்சு! எப்படி இருக்கே?”

“சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்.”

“நல்லது, சாப்பிடு. எனக்கு நாளைக்குக் காலைல இதய ஆபரேஷன். மூணு அடைப்பு. நெஞ்சைப் பொளக்கறாங்களாம். ஒரு லிஸ்ட் போட்டு எல்லாருக்கும் போன் பண்ணிக்கிட்டிருக்கேன்.”

“லிஸ்ட்ல நான் எத்தனாவது?”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலானது. “நீ மாறவே இல்ல. நிகார்... ஹலால் பண்ணிடு.”

நான் கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். நிகார் எண்ணெய் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சாகப் போகிறவன் கேட்டும் ஒருவர் யோசித்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

“ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லு” என்றாள். “ஓ யாரு?”

“என்ன?”

“இருபத்தஞ்சு வருஷமாப் பாடறியே. அந்த ஓ யாரு?”

அவன் பக்கத்தில் ஏதோ ஒரு கருவி விட்டு விட்டுக் கூவியது.

“யாரோ ஒரு பொண்ணு... இல்ல, நீ யாரையாவது காதலிச்சியா? எனக்கு எப்படித் தெரியும், நீ சொன்னதே இல்லையே.”

“நீ கேட்டதே இல்ல.”

“சரி, இப்பக் கேக்கறேன். சொல்லு. பொழைச்சு வந்தா மேடையிலயே சொல்லிடறேன், சத்தியமா.”

நிகார் என்னைப் பார்த்தாள். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. “அதையும் எடுத்துக்கிட்டுப் போறேங்கற.”

“நிகார்—”

“ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும் செர்தாச். சீக்கிரம் குணமாகட்டும்.”

“அது ஹலால் இல்லையே.”

“இல்ல” என்று சொல்லிப் போனை அணைத்தாள். மீதிப் போரெக்கையும் தின்றாள். சாஸரிலிருந்த சர்க்கரைக் கட்டி இரண்டையும் பழக்கத்தில் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அவன் பிழைத்துக்கொண்டான். ஜனவரியில் என் அறைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மெலிந்து, சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து தழும்பு தெரிய உட்கார்ந்திருந்தான். “மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறந்ததும் முதல்ல ஞாபகம் வந்தது அந்த நீல ஸ்வெட்டர்தான்” என்றான். ஷாகிர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒரு பொண்ணுக்காக எப்படி உருகறான் பாரு ஸெகியே” என்றார்.

அடுத்த வியாழன் நிகார் வந்ததும், “மண்டியிட்டு மண்டியிட்டே அவனுக்கு முட்டி தேஞ்சிருக்கும். நெஞ்சுக்குப் பதிலா அதைப் பொளந்திருக்கலாம்” என்றாள். சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் போனில் கேட்ட கேள்வி மூன்று மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குப் பதில் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் என் சர்க்கரை டின்னின் அடி. டின் நான்கு முறை மாறிவிட்டது, தாள் மாறவில்லை.

எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் அச்சுத் தேதியைப் பார்த்தாள். திருப்பினாள். அடித்த ‘அம்மா’வின் மேல் விரலை வைத்தாள்.

“இது எப்பலேருந்து உங்கிட்ட இருக்கு?”

“அன்னிலேருந்தே.”

“ரெம்ஸி பே வந்தப்பவும்?”

“இருந்துது.”

“அப்பா செத்த பிறகும்? ஒம்போது வருஷம் அக்கா. நான் ஒவ்வொரு வியாழக்கிழமையும் இங்க வந்து உக்காந்தேனே.”

ஒவ்வொரு வாரமும் கொடுக்க நினைத்தேன், ஒவ்வொரு வாரமும் போன வாரமே கொடுத்திருக்க வேண்டியதாக ஆனது. இதைச் சொல்ல நினைத்தேன். வந்தது வழக்கமான சொல்தான்.

“ஹலால் பண்ணிடு நிகார்.”

“ஹலால் ஆகட்டும் அக்கா.”

நான் மூச்சு விடுவதற்குள் சொல்லிவிட்டாள். செர்தாசிடம் யோசித்தவள் என்னிடம் யோசிக்கவில்லை. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். மூன்று மணிக்கு ஒரு ஜோடி இருக்கிறது, ‘ஆணி’ கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக் கிளம்பினாள். சாஸரில் சர்க்கரைக் கட்டி இரண்டும் அப்படியே இருந்தன.

அடுத்த வியாழன் அவள் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. மண்டபத்தில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாவது வாரம் அந்தப் பக்கம் நடந்து போனேன். மண்டபம் காலியாக இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் நிகார் கறுப்புத் துணி விரித்த மேசையில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். மரியாதையாகத் தலையை அசைத்தாள், கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு அசைப்பதைப் போல.

உள்ளே போய்க் கேட்கலாம். என்ன கேட்பது? நான் கேட்டதை அவள் அப்போதே கொடுத்துவிட்டாள்.